ஆறாம் பாடம்

“உங்க அக்காவுக்குப் பதில் போட்டியா, இல்லையா?”

விசில் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே கேட்டார் கணவர். பள்ளியில் விளையாட்டு வாத்தியார்.

“யோசிச்சிட்டிருக்கேன்.”

“ஒன்பது வருஷமா யோசிக்கிறே. ‘போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்கலாமா’ன்னு அவங்களே கேட்டுட்டாங்க. நாளைக்குக் காலையில பிளேன் ஏறி மகன்கிட்டே போயிட்டா, இனி எங்கே திரும்பி வரப்போறாங்க?”

“மனசுல இருக்கிறதை யார்கிட்டேயாவது கொட்டினாத்தான் என்னால ஒரு முடிவுக்கு வர முடியும். கேட்கத்தான் ஆள் இல்லை.”

“நான் கேட்கிறேன், சொல்லேன்.”

“நீங்களா? நான் வாயைத் திறந்த ரெண்டாவது நிமிஷம் விசில் ஊதிடுவீங்க!”

சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார்.

வேடிக்கைதான். கேட்பதே அவள் தொழில். உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை. வீட்டு முன்னறையில் நீளமாக ஒரு சாய்மெத்தை. வருகிறவர்கள் அதில் படுத்து, மனதில் தோன்றியதையெல்லாம் பேசுவார்கள். இவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஐம்பது நிமிடம் கேட்பாள். ஊரார் பாரத்தையெல்லாம் இறக்கி வைக்கும் அறையில் இவள் பாரத்தை இறக்கத்தான் இடமில்லை.

அன்று மதியம் யாரும் வரவில்லை. வெளியே மழை. பாக்கியிருந்த பாடத்தையாவது முடிப்போம் என்று மடிக்கணினியைத் திறந்தாள். பதினெட்டு வருட அனுபவம் இருந்தாலும், உரிமத்தைப் புதுப்பிக்க வருடத்துக்குப் பத்துப் பாடம் தொலைநிலைக் கல்வியில் படித்தாக வேண்டும். தாடிவைத்த பேராசிரியர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார். பதிவு செய்த படம்தான். ஐந்து பாடம் முடிந்திருந்தது. மனுஷர் மூச்சு விடாமல் பேசுவார்.

ஆறாம் பாடத்தைத் தட்டினாள்.

பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். பேசவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. கணினியில் கோளாறோ என்று சத்தத்தைக் கூட்டினாள். அவர் அறைக் கடிகாரத்தின் டிக் டிக் கணீரென்று கேட்டது.

‘அட! மௌனம்தான் பாடமா?’

அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வதே வாயை மூடிக்கொள்ளத்தானே! கணினியைக் கால்மாட்டில் ஒரு முக்காலிமேல் வைத்துவிட்டு, பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சாய்மெத்தையில் தானே படுத்தாள்.

படம் பேச்சைக் கேட்காது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் மழைச் சத்தம் கண்ணைச் சொக்க வைத்தது. திரைச்சீலை ஊதி ஊதி அடங்கியது. தெரிந்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியாததாகிவிட்டது.

“அம்மா போன அன்னிக்கு, சார்,” என்றாள். “எல்லார் முன்னாடியும் அக்கா கேட்டா. ‘ஊர்ல இருக்கிறவங்க மனசையெல்லாம் படிக்கிறே, பெத்தவ மனசு உனக்குப் புரியலையேடி’ன்னு. அதோட பேச்சு நின்னுபோச்சு.”

பேராசிரியர் முன்னால் சாய்ந்தார்.

“அவ சொன்னது பொய்யா இருந்தா ஒன்பது நாள்ல மறந்திருப்பேன். நிஜம் சார். அதான் ஒன்பது வருஷமாச்சு. அம்மா தினமும் போன் பண்ணுவாங்க. ‘ஆள் இருக்காங்கம்மா, அப்புறம் பேசுறேன்’னு வெச்சிடுவேன். அந்த அப்புறம் கடைசி வரைக்கும் வரவே இல்லை.”

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கும் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அறையே மெல்ல மிதப்பதுபோல இருந்தது. தன் குரல் பக்கத்து அறையிலிருந்து யாரோ பேசுவதுபோல அவளுக்கே கேட்டது. எவ்வளவு நேரம் பேசினாளோ, தெரியவில்லை.

“நானே முதல்ல போன் பண்ணட்டுமா, சார்?”

பேராசிரியர் நிமிர்ந்தார். அவர் முகம் பளிச்சென்று பிரகாசமானது. சிரித்தார். இரண்டு தடவை நன்றாகத் தலையாட்டினார். படம் முடிந்துவிட்டது.

எழுந்து போனை எடுத்தாள். முதல் மணியிலேயே அக்கா எடுத்துவிட்டாள்.

“அக்கா…”

“சாப்பிட்டியாடி?” என்றாள் அக்கா.

அவ்வளவுதான். இரண்டு பேரும் ஓவென்று அழுதார்கள்.

சாயங்காலம் கணவர் வந்தபோது வாசலில் அக்காவின் பெட்டி இருந்தது. சமையலறையில் அக்காவும் தங்கையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். மனிதருக்கு நம்பவே முடியவில்லை.

“அடேயப்பா! யாரு பண்ணின பஞ்சாயத்து இது?”

“எங்க பேராசிரியர்தாங்க.”

“அந்தப் புண்ணியவான் வாய்க்குச் சர்க்கரை போடணும்டி,” என்றாள் அக்கா.

“அவர் வாயே திறக்கலைக்கா. எல்லாத்தையும் பொறுமையா கேட்டார். போன் பண்ணுன்னு தலையாட்டினார். அவர் மட்டும் வேண்டாம்னிருந்தா, சத்தியமா பண்ணியிருக்க மாட்டேன்.”

முன்னறையில் கணினி ‘டிங்’ என்றது.

“உன் படிப்புக்காரங்கதான் ஏதோ அனுப்பியிருக்காங்க,” என்று அங்கே போன கணவர், மைதானத்துக் குரலில் உரக்கப் படித்தார்:

“மன்னிக்கவும். ஆறாம் பாடத்துக்குப் பதிலாக, படப்பிடிப்பு விளக்கு சரியாகும்வரை பேராசிரியர் சும்மா உட்கார்ந்திருந்த காட்சி தவறுதலாக ஏற்றப்பட்டுவிட்டது. சரியான ஆறாம் பாடம் இத்துடன் உள்ளது. தலைப்பு: ‘பேசாமல் இருப்பவர் முகத்தில் நம் ஆசையையே பதிலாகப் படித்துக்கொள்வது ஏன்?’”