தவளைக் களிம்பு

"சிஸ்டர், நான் ஒரு களவாணித்தனம் பண்ணிட்டேன். சொன்னா திட்டக் கூடாது."

ரென்சோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். ஐம்பதை எட்டப்போகிற ஆள், கரும்பு அறுக்கும் இயந்திரத்தையே ஒரு கையால் ஓட்டுகிறவன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நெளிந்தான்.

நர்ஸ் ப்ரைடி கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அறுவடைக் காலம் வந்துவிட்டால் அயர் என்கிற அந்தக் கரும்பு ஊரில் யாருக்கும் கண் சுகமில்லை. தோட்டங்களில் கரும்புச் சோகையைக் கொளுத்துவார்கள்; கரித்தூள் ஊரெல்லாம் பறக்கும். அவளுடைய இடது கண் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டே இருக்கும்.

"இன்னிக்கோட சோதனை முடியுது. முதல்ல ட்யூபைக் கொடுங்க, அப்புறம் கதை சொல்லலாம்."

"அந்த ட்யூப் கதைதான் சிஸ்டர்." அவன் பெயரும் பதினேழு என்ற எண்ணும் எழுதிய காகித உறையை மேசையில் வைத்தான். "இதுக்குள்ள இருக்கிறது என்னோடது இல்ல. தம்பியோடது. மாத்திட்டேன்."

ப்ரைடி உறையை எடுக்க நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

வெயில் ஏறினால் உதட்டில் கொப்புளம் போடுகிறவர்கள் அந்த ஊரில் ஏராளம். எல்லாம் ஒரு வைரஸ் செய்கிற வேலை. பெரியவர்களுக்கு வெறும் எரிச்சல். பிறந்த குழந்தைக்கோ எமன். போன வருடம் அப்பன்காரன் ஆசையாகக் கொடுத்த ஒரு முத்தத்தில் ஒரு சிசு போய்ச் சேர்ந்தது, ப்ரைடியின் கையிலேயே. அதனால்தான் இந்தப் புதுக் களிம்புச் சோதனைக்கு அவள் தோட்டம் தோட்டமாக அலைந்து ஆள் சேர்த்தாள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் களிம்பு. இரண்டு பேர் கணக்கில் குறைந்தாலும் சோதனை செல்லாது. களிம்பைக் கிடப்பில் போட்டுவிடுவார்கள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ரென்சோ!"

"சொன்னீங்க. மரத்தவளை தோல்ல கிருமியைக் கொல்ற ஏதோ ஒண்ணு ஊறுது, அதைப் பார்த்து ஆய்வுக்கூடத்துல செஞ்ச நகல் இது, வைரஸோட மேல்சட்டையைக் கிழிச்சுப் போட்டுடும்னு சொன்னீங்க. ஒண்ணு தவளைக்குப் போலி, இன்னொண்ணு மருந்துக்குப் போலி, அசல்னு எதுவுமே இல்லையான்னு நான்கூடக் கேட்டேனே."

"கேலி இருக்கட்டும். ஏன் மாத்தினீங்க?"

"நீங்கதானே ட்யூபைக் கொடுக்கறப்ப கண்ணடிச்சீங்க?"

"நானா?"

"இதோ, இப்பக்கூட அடிக்கறீங்க. சரி, நமக்குத்தான் நிஜ மருந்துன்னு புரிஞ்சுக்கிட்டேன். தம்பி சில்வியோ பொண்டாட்டி அப்ப நிறைமாசம். பெத்த குழந்தைக்கு ஒரு முத்தம் கொடுக்க முடியாம அவன் தவிக்கறதை நான் பார்த்துட்டு நிக்கணுமா? ரெண்டு பேரும் ஒரே வண்டியில வீட்டுக்குப் போற வழியில, பெட்ரோலுக்குக் காசு கட்ட அவன் உள்ள போனான். டப்புனு ரெண்டு உறையிலயும் ட்யூபை மாத்திப் போட்டுட்டேன். மனசு உறுத்துச்சு. அதான் அப்புறம் கார்லா பேக்கரியில இறங்கி அவனுக்குச் சூடா ரொட்டி வாங்கிக் கொடுத்தேன்."

ப்ரைடிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அது கரித்தூள் விழுந்த கண்ணுய்யா! எது யாருக்குன்னு எனக்கே தெரியாது. இப்ப உங்க ரெண்டு பேரையும் கணக்குலேருந்து நீக்கணும். நீக்கினா எல்லாமே போச்சு!"

ரென்சோவின் முகம் தொங்கிப்போனது. அவன் மேலுதட்டில் கொப்புளம் இன்னும் பொருக்குத் தட்டிக் கிடந்தது.

"அவன் உதடு பளிச்சுனு ஆயிடுச்சு சிஸ்டர்," என்றான் மெதுவாக. "அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு சில்வியோ வந்துவிட்டான். நெஞ்சில் பச்சைக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உதட்டில் ஒரு வடு இல்லை. மகளின் நெற்றியில் மெத்தென்று ஒரு முத்தம் வைத்துவிட்டு அண்ணனிடம் சாவியை வீசினான்.

"அண்ணே, என் வண்டி வழியை மறைச்சுட்டு நிக்குது. ஓரமா விட்டுட்டு வா, போ."

ரென்சோ வெளியே போனதும் சில்வியோ கதவைச் சாத்தினான். தன் உறையை மேசையில் வைத்தான். குரல் தானாகவே இறங்கியது.

"சிஸ்டர், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"நீங்களுமா? என்ன?"

"அந்தப் பேக்கரி கார்லா மேல அவனுக்கு உசிரு. உதட்டுக்கு வெட்கப்பட்டே அவகிட்ட வாயைத் திறக்காம இருக்கான், பாவம். நிஜ மருந்து எனக்குத்தான் வந்திருக்குன்னு தெரிஞ்சதும் மனசு கேக்கலை. அன்னிக்கு அவன் ரொட்டி வாங்க இறங்கினப்ப, ரெண்டு ட்யூபையும் மாத்திப் போட்டுட்டேன். எனக்கு என்னமோ வெறும் களிம்புலயே ஆறிடுச்சு. அவனுக்குத்தான் மருந்து போட்டும் ஆறலை."

"நிஜ மருந்து உங்களுக்குத்தான்னு யார் சொன்னா?"

"என்ன சிஸ்டர், நீங்கதானே கண்ணடிச்சீங்க?"

ப்ரைடி ரென்சோவின் உறையைக் கவிழ்த்தாள். உருண்டு விழுந்த ட்யூபின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது, உறையின் மேலிருந்த அதே பதினேழு.