இறங்காத துருப்பு

"மொத்தம் பதிமூணு பிடி. அதுல பத்துப் பிடி நான் எடுத்துட்டா நாளைக்கே ஆபரேஷனுக்கு வர்றேன். ஒண்ணு குறைஞ்சாலும் அந்தப் பேச்சையே எங்கிட்ட எடுக்கக் கூடாது. சம்மதமாங்க?"

சீட்டுகளை விசிறியாக விரித்துக்கொண்டே டீச்சர் கேட்டாள். எதிரணியில் இருந்த அவள் கணவர் கடிகாரக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வயிற்றில் கட்டி. தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதமாகிறது. கெஞ்சியாயிற்று, சண்டை போட்டாயிற்று. "கத்தி படாமலே போய்ச் சேர்றேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

"சம்மதம்" என்றார். வேறு வழி?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் இந்த நாலு பேருக்கும் பிரிட்ஜ் சீட்டாட்டம்தான். சுற்றுக்கு ஆளுக்கொரு சீட்டு; சுற்றை ஜெயித்தவருக்கு அது ஒரு பிடி. டீச்சருக்கு ஜோடி அவள் தம்பி மனைவி. கடிகாரக்காரருக்கு ஜோடி அந்தத் தம்பி. சீட்டைக் கையில் எடுத்தால் கடிகாரக்காரர் சொந்தபந்தம் பார்க்க மாட்டார். பெற்ற மகளுக்கே ஓர் ஆட்டம் விட்டுக்கொடுத்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் டீச்சர் பந்தயமே கட்டினாள்.

கடிகாரக்காரர் டைமன் ஆஸை இறக்கினார். தம்பி மனைவி, ஆட்ட முறைப்படி, தன் சீட்டுகளை மேசைமேல் திறந்து வைத்தாள்; இனி அவற்றையும் டீச்சரே ஆடுவாள். அதில் டைமன் ஒன்றே ஒன்று. அதுவும் இந்தப் பிடியோடு போயிற்று. துருப்பு மூன்று இருந்தது. இனி டைமன் வந்தால் டீச்சர் அந்தத் துருப்பை வைத்தே வெட்டி வெட்டிப் பிடி சேர்த்துவிடுவாள். தடுக்க ஒரே வழி, இப்போதே துருப்பை இறக்கி அந்த மூன்றையும் உருவிவிடுவது. ஊருக்கெல்லாம் அவர் ஓதுகிற பாடம் இது.

விரல் துருப்பைத் தொட்டது. அவளைப் பார்த்தார். இவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார்.

மறுபடியும் டைமனையே போட்டார்.

"அத்தான்! என்ன பண்றீங்க? துருப்பை இறக்க வேண்டிய நேரம்!" மைத்துனன் அலறினான்.

"கை தவறிடுச்சுடா."

"உங்களுக்கா? தலைமயிர் மாதிரி ஸ்பிரிங்கைப் பிடிச்சு மாட்டுற கை, அது தவறிச்சா?"

டீச்சர் கணவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துருப்பால் வெட்டினாள்.

அதற்கப்புறம் அவருக்கு ஆட்டத்தில் புத்தி போகவில்லை. கைக்கு வந்ததைப் போட்டார். தங்களுக்கு விழுந்த பிடிகளை மைத்துனன் பல்லைக் கடித்துக்கொண்டே அவர் பக்கம் தள்ளினான்.

கடைசிச் சீட்டும் விழுந்தது. டீச்சர் தன் பிடிகளைத் தட்டி அடுக்கினாள்.

"எட்டு... ஒன்பது... பத்து! போச்சு போங்க, நாளைக்குக் கூட்டிட்டுப் போய்த் தொலைங்க!"

"இவரே தாரை வார்த்தா யார்தான் ஜெயிக்க மாட்டாங்க!" மைத்துனன் சீறிக்கொண்டு எழுந்து போனான்.

"தோத்தா தோத்துட்டுப் போங்களேன், அண்ணி வர்றேன்னுட்டாங்கல்ல!" அவன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். டீச்சர் பெட்டியில் துணி அடுக்க உள்ளே போனாள்.

கடிகாரக்காரர் சீட்டுகளை எடுத்துவைக்க உட்கார்ந்தார். தன் பக்கம் மூன்று பிடிதான் இருக்க வேண்டும். நான்கு இருந்தன. இன்னொரு தரம் எண்ணினார். நான்கேதான்.

அவசரமாக அவள் பக்கத்தையும் எண்ணினார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், ஒன்பது பிடியை வைத்துக்கொண்டுதான் பத்து என்று சத்தமாக எண்ணியிருந்தாள்.