படுத்துக்கொண்டே சம்பளம்

கதவு தட்டும் சத்தம் கேட்டதும், கணவரின் ஷூவை முதலில் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினாள். நேற்றைய சேறு அதில் இன்னும் முழுதாகக் காயவில்லை. போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வந்தவர் உதவித்தொகை ஆபீஸின் விசாரணை அதிகாரி. அந்த வட்டாரத்தில் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். போன மாதம் மட்டும் நாற்பது பேரை லிஸ்டிலிருந்து கத்தரித்திருந்தார்.

"புகார் வந்திருக்கும்மா," என்றார் உட்காராமலே. "உங்க வீட்டுக்காரர் நல்லா நடமாடுறாராம். படுத்துக்கிட்டே சம்பளம் வாங்குறாராம்."

எழுதிப் போட்டது யார் என்று அவள் கேட்கவில்லை. எதிர் வீட்டு ரிட்டயர்டு ஆபீசர் ஜன்னலில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். "என் வரிப் பணத்துல ஊர்ல பாதிப் பேர் உட்கார்ந்து சாப்பிடுறானுங்க" என்று தெருவுக்கே தினமும் பாடம் எடுப்பவர். அவருடைய பென்ஷன் யார் வரியிலிருந்து வருகிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கத்தரி ஃபைலைப் பிரித்துப் படித்தார். "இடது பக்கம் வாதம். ரெண்டு வருஷமா படுக்கை." நிமிர்ந்தார். "ஆனா நேத்து எங்க ஆபீசுக்கு மூணு மாடி ஏறி வந்திருக்கார். வாட்ச்மேன் பார்த்திருக்கான். படியேறி வர்றவருக்கு எதுக்கும்மா உதவித்தொகை?"

"நேர்ல வரலேன்னா பேரை எடுத்துடுவோம்னு நீங்கதானே சார் லெட்டர் போட்டீங்க? லிஃப்ட் ஓடலை. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, படிக்குப் படி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். மேல போனா, சோதிச்சுப் பார்க்குற டாக்டர் லீவுன்னுட்டாங்க. நாளைக்கு வீட்டுக்கே ஆள் வரும், போங்கன்னு அனுப்பிட்டாங்க."

கத்தரி ஃபைலில் அடுத்த தாளைப் புரட்டினார்.

"வந்தா நடக்குறான்னு எடுப்பீங்க. வரலேன்னா வரலைன்னு எடுப்பீங்க. நாங்க என்னதான் சார் பண்றது?"

கேட்ட பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. இன்றைக்குப் போய் இவரிடம் வாய் கொடுக்கலாமா? விசாரணை முடியட்டும் என்று மூன்று மாதத் தொகையை நிறுத்தி வைத்திருந்தார்கள். வாடகைக்கு வீட்டு ஓனர் கொடுத்திருந்த கெடு இன்று மாலையோடு சரி. பிறகு சாமான் தெருவுக்கு வந்துவிடும்.

மகளைக் காலையிலேயே, எழுப்பின கையோடு சித்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். எட்டு வயதுக் குழந்தைக்குப் பொய் சொல்ல வராது.

"அவரை எழுப்புங்க."

"வேணாம் சார். ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லை. மூச்சு விடவே தவிச்சார். விடியக்காலைலதான் அசந்தார்."

"நான் வர்ற அன்னைக்கு மட்டும் எத்தனை பேர் இப்படி அசந்து தூங்குறாங்க தெரியுமா?" கத்தரி நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டார். "ஐயா. ஐயா, ஆபீஸ்லேருந்து வந்திருக்கேன்."

அவர் கண் திறக்கவில்லை. குட்டு வெளிப்பட்டால் தொகை மட்டுமா போகும், மோசடி என்று கேஸும் வரும். குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

"சரி, தூங்கட்டும். வலது கட்டைவிரல் ரேகை மட்டும் வேணும்." கத்தரி மைப்பெட்டியைத் திறந்தார்.

"நான் எடுத்துத் தரேன் சார்," என்று அவள் முந்துவதற்குள் அவரே போர்வையை விலக்கிக் கையைப் பிடித்துவிட்டார். விரல்கள் மடங்கியிருந்தன. பிரிக்க வரவில்லை.

"வாதம் வந்த கை சார்," என்றாள் அவசரமாக. "அப்படித்தான் இறுகிப்போயிருக்கும்."

கத்தரி மடியிலிருந்த ஃபைலை ஒருமுறை பார்த்தார். பிறகு கட்டைவிரலை மட்டும் மெல்ல நிமிர்த்தி, மையில் தொட்டு, தாளில் ஒற்றினார். ஒட்டியிருந்த மையைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துவிட்டுக் கையைப் போர்வைக்குள் வைத்தார்.

பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். அந்தப் பேனா எதற்கென்று ஊருக்கே தெரியும். அவள் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சார், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். இந்த ஒரு தடவை மட்டும் விட்டுடுங்க. அப்புறம் நானே வந்து பேரை எடுத்துடச் சொல்றேன்."

அவர் எழுதி முடித்து, முத்திரை குத்தி, தாளை அவள் பக்கம் திருப்பினார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'நேரில் பார்த்தேன். எழுந்து நடமாடும் நிலையில் இல்லை. புகார் பொய். நிறுத்திய தொகையை இன்றே விடுவிக்கலாம்.'

அவளுக்குப் புரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவர் பின்னாலேயே வாசல்வரை போனாள்.

"என்ன சார், எல்லாம் நடிப்புத்தானே?" என்று எதிர் ஜன்னல் கேட்டது.

"தகுதியானவர்தான். நீங்க உள்ள போங்க," என்றார் கத்தரி.

ஜன்னல் சாத்தும்வரை காத்திருந்தார். பிறகு ஷூ மாட்டுவதுபோல் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"நாலு மணிக்குப் பணம் ஏறிடும்மா. அதுவரைக்கும் அழுது ஊரைக் கூட்டிடாதீங்க."