ஊர்ப்பெயருக்குச் சொந்தக்காரி

"என் கொள்ளுப்பாட்டி பேரைத்தான் ஸ்டேஷனுக்கு வச்சாங்க. அதே பேர்தான் எனக்கும்!" முப்பது வருஷமாகத் தையற்காரி பாடும் பாட்டு இது. கேட்கும்போதெல்லாம் அடுத்த வீட்டு ரயில்வே கேட்கீப்பர் மனைவிக்கு வயிறு எரியும். நாளை ஸ்டேஷனின் நூற்றாண்டு விழா. தையற்காரிக்கு மேடையிலேயே நாற்காலியாம்!

பொறுக்கமாட்டாமல் கேட்கீப்பர் மனைவி, அந்தப் பேர் எப்படி வந்தது என்று பார்க்கச் சொல்லி ஸ்டேஷன் மாஸ்டரின் அறைக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். அவர் தும்மிக்கொண்டே பழைய பதிவேட்டைப் புரட்டினார்.

"கிடைச்சிடுச்சும்மா. அந்தக் காலத்துல இன்ஜினுக்குத் தண்ணி சுமந்த ஜீவனோட பேராம். அது நிக்கிற இடத்துலதான் வண்டியும் நிக்குமாம். அதையே ஊருக்கும் வச்சிட்டாங்க."

"ஜீவனா? பொம்பளை இல்லையா?"

"பொட்டைக் கழுதை."

அவள் சிரித்த சிரிப்பில், வண்டி வந்துவிட்டதாக நினைத்து வெளியே தூங்கிய போர்ட்டர் எழுந்து நின்றார்.

"நாளைக்கு மைக்குல இதை நீங்க படிக்கணும் சார். முன்வரிசையில உட்கார்ந்து அவ மூஞ்சியை நான் பார்க்கணும்!"

"படிச்சிட்டா போச்சு."

அப்போது அவள் மகன் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"அம்மா, நம்ம பாப்பாவுக்குப் பேர் பதிஞ்சிட்டு நேரா வர்றேன்! தையற்கார அத்தை பேரைக் கேட்டு நீ எத்தனை வருஷம் ஏங்கியிருப்பே? அதையே உன் பேத்திக்கு வச்சிட்டேன். இனிமே ஊரே நம்ம வீட்டுப் பேர்லதான்!"

அவள் பதிவேட்டை மெல்ல மூடி, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"சார், விழாவுல எதுக்கு இந்தப் பழைய குப்பையெல்லாம்? அந்தக் கொள்ளுப்பாட்டியைப் பத்தியே நாலு வார்த்தை நல்லதா பேசிடுங்க."