தவளையின் பாட்டு, ஓணானின் படம்

ஒரு குளத்தில் தாமரை இலைக்கு அடியில் உட்கார்ந்து தவளை ஒன்று தினமும் பாடும். நல்ல குரல். ஆனால் பாடும் தவளையை யாரும் பார்த்ததில்லை.

மேய வந்த ஆட்டுக்கிடா ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டது. "பாட்டு காதுக்கு நல்லாத்தான் இருக்கு. கண்ணு சும்மா இருக்கே!"

தவளைக்குக் கூட்டம் சேர்க்க ஆசை. வேலியிலிருந்த ஓணானைக் கூப்பிட்டு, "நான் பாடும்போது நீ தலையை ஆட்டு, வாயையும் அசை" என்றது. ஓணான் கழுத்தைச் சிவப்பாக்கிக்கொண்டு ஆட்டியது. கிடா புல்லை மறந்து நின்றது.

"டீக்கடை டிவியில இப்படித்தான் வரும். இதுக்குப் பேரு வீடியோ பாட்டு" என்றது. மறுநாள் மந்தையே வந்தது.

போகப் போக ஓணான் வரிக்கு ஒரு நிறம் மாறியது, கிளைக்குக் கிளை தாவியது. "பல்லவி போதும், சரணம் வேண்டாம். எனக்கு மூச்சு வாங்குது" என்று தவளைக்கு உத்தரவும் போட்டது. கூட்டம் வருகிறதே என்று தவளை சரணத்தை விழுங்கிக்கொண்டது.

ஒரு மாலை, மந்தை கூடியிருந்தபோது ஓணான் கழுத்தில் இலையைச் சுற்றிக்கொண்டு வந்தது.

"இன்னைக்குப் பாட்டு கிடையாது. எனக்குத் தொண்டை கட்டிடுச்சு."

"ஐயோ பாவம்!" என்று ஆடுகள் உருகின.

தவளைக்குப் பொறுக்கவில்லை. கரையேறி வந்து, பல்லவி, சரணம் எல்லாவற்றையும் அடித்தொண்டையிலிருந்து பாடியது.

கிடா திரும்பி முறைத்தது.

"யார்றா அது? பாடகருக்கே உடம்பு சரியில்லை, நீ பாட்டுக்குக் கத்துறியே!"