மேகத்துக்காக ஒரு மன்றாட்டு

கொழும்பு முகத்துவாரத்துப் பள்ளிவாசலின் பின்மதிலோரம் நின்ற அத்தனை பேரும் பிறை தெரிய வேண்டுமென்று வானத்தைப் பார்த்தார்கள். நிக்கலஸ் மட்டும் தெரியக் கூடாதென்று பார்த்தான்.

அவன் கையில் மூடி போட்ட தூக்குவாளி. வாளிக்குள் இன்றைய நோன்புக் கஞ்சி.

பிறை தெரிந்தால் நாளைக்குப் பெருநாள். பெருநாளென்றால் பள்ளியில் கஞ்சி காய்ச்ச மாட்டார்கள். நாளைக்கு அவன் மனைவி றோஸியும் பிள்ளைகளும் என்னத்தைத் தின்பது என்பது கடலுக்கு மேலே கிடந்த ஒரு மேகத்தின் கையில் இருந்தது.

துறைமுகத்தில் கப்பல் குறைந்துபோன காலம் அது. கரி சுமக்க ஆளெடுக்கும் கங்காணி எப்போதாவது ஒரு நாள்தான் நிக்கலஸின் பக்கம் விரலை நீட்டுவான். அந்தக் கூலி வாடகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் சரி. பகலில் பிள்ளைகளுக்குப் பாண் துண்டு. றோஸிக்கு வெறும் தேத்தண்ணி. இரவுக்குப் பள்ளிவாசல் கஞ்சி.

நோன்பின் முதல் நாளே அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். நோன்புக்காரனுக்குக் காய்ச்சிய கஞ்சியை நோன்பில்லாத கிறிஸ்தவ வேதக்காரன் வாங்கினால் அது களவு. களவென்றால் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

ஆகவே நிக்கலஸ் நோன்பு பிடித்தான்.

விடியுமுன் எழும்பி ஒரு பேணி தண்ணீர் குடிப்பான். அதோடு சரி. கரி மூட்டையோடு கப்பல் பலகை ஏறும்போதுகூட எச்சிலை விழுங்கவில்லை, துப்பினான். கங்காணி அதற்கும் ஏசினான்.

கூட வேலை செய்யும் நிலாம் தன் தொப்பியைக் கொடுத்தான். கரி சுமந்துகொண்டு தனக்கு நோன்பு பிடிக்க ஏலாது, தொப்பி சும்மாதான் கிடக்கிறது என்றான்.

"ஏன்ட நோன்பையும் சேத்துப் புடி மச்சான். ரெண்டுக்கும் ஒரே பசிதானே."

பெயர் கேட்டால் என்ன சொல்வதென்றுதான் நிக்கலஸுக்குப் பயம். கஞ்சி ஊற்றும் மீரா சாஹிப் ஒரு நாளும் கேட்கவில்லை.

பாங்கு சொல்லி, எல்லாரும் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வந்து நின்றார்கள். மேகம் நன்றாகத்தான் இருந்தது. மாதாவே, இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும், என்று அவன் மனதுக்குள் மன்றாடினான்.

மேகம் ஓரத்தில் கிழிந்தது.

கப்பல் வருகிறதா என்று நாள் முழுக்கக் கடலைப் பார்த்துப் பழகிய கண் அவனுடையது. கிழிசலுக்குள் மெல்லிசாக வளைந்து கிடந்ததை அவன்தான் முதலில் கண்டான்.

வேறு ஒருவரும் காணவில்லை. ஒருவர் பறந்துபோன கொக்கைக் காட்டி ஏமாந்தார். இன்னொருவர் இன்றைக்கு இல்லை என்று திரும்பி நடந்தார். கிழிந்த இடம் மெல்ல மூடிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்காமல் நின்றால் போதும், நாளைக்கும் வாளி நிறையும்.

மீரா சாஹிப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன்ட கண்ணுல படலம் ஈக்கி தம்பி. ஒனக்கு ஏதும் தெரியுதா?"

இல்லை என்பதற்கு ஒரு சொல் போதும். ஆனால் களவாகக் கூடாதென்று மாதம் முழுக்க வயிற்றைக் காயப் போட்டுவிட்டு, கடைசி நாளில் பொய் சொல்வதா? அதற்குப் பேசாமல் களவையே செய்திருக்கலாம்.

"அந்தா, மீரா நானா. கொடிமரத்துக்கு நேர மேல."

மதிலோரம் முழுக்கச் சத்தமாகிவிட்டது. எல்லாரும் கண்டார்கள். மீரா சாஹிப் மட்டும் காணவில்லை. மற்றவர்களின் சத்தத்தைக் கேட்டு அவர் திருப்திப்பட்டுக்கொண்டார்.

பிறகு அவன் தோளில் கை வைத்து, "நிக்கலஸ்," என்றார்.

நிக்கலஸின் கை தொப்பிக்குப் போய் அங்கேயே நின்றது.

"ஒன்ட சாட்சி எங்களுக்கு எடுபடாது. கண்ணு நல்ல கண்ணு." அவர் சிரிக்கவில்லை. "கஞ்சி நோன்பு புடிச்சாலும் தாறதான், புடிக்காட்டியும் தாறதான். ஒனக்கு யாரும் செல்லல்லியா?"

ஒருவரும் சொல்லவில்லை.

"நாளைக்குப் பகல் பொஞ்சாதி புள்ளையளோட ஏன்ட ஊட்டுக்கு வா. நெய்ச்சோறும் ஆட்டிறச்சியும். மிஞ்சினதக் கொண்டுபோக ஒரு சட்டியும் எடுத்துட்டு வா."

வீடிருந்த கொட்டாஞ்சேனை வரைக்கும் நிக்கலஸ் வேகமாக நடந்தான். மாதா தன் மன்றாட்டைக் கேளாமல் விட்டதற்கு வழியெல்லாம் நன்றி சொன்னான். அவனுடைய பிள்ளைகள் ஆட்டிறைச்சியைக் கல்யாண வீட்டு வாசலில் முகர்ந்து பார்த்ததுதான்.

செய்தியைக் கேட்டதும் பிள்ளைகள் நாளைக்கென்று இன்றைக்கே கை கழுவப் போனார்கள்.

றோஸி கஞ்சியைப் பங்கிட்டாள். கடைசிக் கோப்பையும் நிறைந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு விபூதிப் புதன் எல்லோ."

தபசுகாலம் தொடங்கும் நாள். காலையில் கோயிலில் நெற்றிக்குச் சாம்பல். பெரியவர்களுக்கு ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடுதான். பிள்ளைகளானாலும் இறைச்சியை வாயில் வைக்கக் கூடாது.

நிக்கலஸ் கோப்பையை வைத்துவிட்டு யோசித்தான். பிறை இன்றைக்குத் தெரியாமல் போயிருந்தால் நாளைக்கும் கஞ்சி. அதற்கடுத்த நாள், வியாழக்கிழமை, பெருநாள். வியாழக்கிழமை இறைச்சி தின்னலாம்.

அவன் எழும்பிப் போய் வெளியே எட்டிப் பார்த்தான். வானம் முழுக்க மூடிக் கிடந்தது.