ஒரு கீறலும் இல்லை

"அவர்ட உடம்புல ஒரு கீறலும் இல்லத்தானே, முத்தலிபு நானா?"

சுஹைரா வழக்கம்போல எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் கேட்டாள்.

"ஓம் தங்கச்சி. தூங்கின மாதிரித்தான் இருந்தான்" என்றார் முத்தலிபு, பத்தாவது வருடமாக.

கரைத்தீவுச் சந்தியில் புதிதாகக் கட்டிய பஸ் தரிப்பிடத்தின் நெற்றியில் 'ஹுனைஸ் நினைவாக' என்று எழுதியிருந்தது. பொலிஸ் கூண்டுக்குள் ஒரே இரவில் இறந்துபோன கணவனுக்காக அவள் ஒவ்வொரு வருடமும் அவன் இறந்த திகதியில் ஊரைக் கூட்டுவாள். யாசீன் ஓதி, கஞ்சி கொடுத்து, நீதி கேட்பாள். சிவில் உடையில் இரண்டு பொலிஸ்காரர்களும் தவறாமல் வந்து ஓரமாக நிற்பார்கள்.

கஞ்சி குடித்தவர்களின் பேச்சு ஹுனைஸிடம் திரும்பியது. வள்ளத்தில் தாளம் தப்பப் பாடி மீனையெல்லாம் விரட்டியவன். வாங்கிய சுடுபாணை வீடு வந்து சேருமுன்னே பாதி தின்றுவிட்டு எலியின்மேல் பழி போட்டவன். கலியாணமான புதிதில் சுஹைராவைச் சைக்கிள் பாரில் ஏற்றிக் கற்பிட்டிக்குப் போனவன், அவளை மணலில் கவிழ்த்துவிட்டு, முதலில் சைக்கிளுக்கு அடிபட்டதா என்று பார்த்தானாம். சுஹைரா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முத்தலிபுவும் சிரித்தார், கண் கலங்கியது. அப்படி ஒரு கூட்டாளி இனி எங்கே கிடைப்பான்?

அடக்கத்துக்கு முன் ஹுனைஸின் மையித்தைக் குளிப்பாட்டியவர் முத்தலிபுதான். கூட நின்ற அலியாரும் போன வருடம் மவுத்தாகிவிட்டார். பிய்ந்து கிடந்த அந்த முதுகை நினைத்தால் முத்தலிபுவுக்கு இன்றும் சோறு இறங்காது. ஆனால் குளிப்பாட்டும்போது கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்றுதான் ஊரில் பழக்கியிருந்தார்கள். அதோடு, வாசலில் விழுந்து கிடந்து கேட்ட சுஹைராவிடம் எப்படிச் சொல்வது? அன்று வாயில் வந்த பொய் அப்படியே ஒட்டிக்கொண்டது.

நேற்று சுஹைராவின் சட்டத்தரணி கையை விரித்துவிட்டார். உடம்பைக் கண்ட ஒருவர் வந்து சாட்சி சொல்லாவிட்டால், பத்து வருடமாக இழுபட்ட வழக்கு திங்கட்கிழமையோடு முடிந்துவிடுமாம்.

கூட்டம் கலைந்ததும் முத்தலிபு அவளிடம் போனார்.

"தங்கச்சி, நான் உங்களுக்குப் பொய் சொல்லிட்டன். அவன்ட முதுகு..."

"தெரியும் நானா. கபன் துணிக்கு மேலால அவர்ட கையத் தடவிப் பார்த்தன். ஒரு விரலும் நேரா இருக்கல்ல."

தெரிந்துகொண்டே ஏன் வருடா வருடம் சபையில் வைத்துக் கேட்டீர்கள் என்று முத்தலிபு கேட்டார்.

"நீங்க ஒண்டும் காணல்ல எண்டு பொலிஸ்காரங்கட காதுலயும் விழ வேணும்தானே? கண்டீங்க எண்டு தெரிஞ்சா சும்மா விடுவாங்களா? உங்கட மூணு புள்ளையளும் அப்ப சின்னன்" என்றாள் சுஹைரா. "கடைசி மகனும் நேத்துக் கட்டாருக்குப் போய்ச் சேர்ந்துட்டான். இனித் திங்கக்கிழமை கோட்டுக்கு வாங்க நானா. உங்களப் பொய் சொல்ல வச்சது நான்தான் எண்டு நானும் சொல்றன்."